பதிவுக் கொப்பியில் என் மகளின் பெயர்

புதிதாக நியமனம் பெற்று எங்கள் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் பாடக்குறிப்பு எழுதுவதைப் பற்றியோ புள்ளி போடுவதைப் பற்றியோ நான் சொல்ல வரவில்லை. அதெல்லாம் நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள், என்னை விட நன்றாகவும் செய்வீர்கள். ஆனால் இன்னும் சில வருடங்களில் உங்களில் பலர், தாங்கள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே தங்கள் பிள்ளைகளையும் சேர்ப்பீர்கள். வன்னியில் வேறு வழி குறைவு. அப்போது ஒரே பிள்ளைக்கு ஏழு மணி வரை அம்மாவாகவும் ஏழரை மணிக்குப் பிறகு டீச்சராகவும் இருக்க வேண்டி வரும். அதில் நான் விட்ட பிழையையும் என் மகள் அதை நேராக்கிய விதத்தையும் சொல்கிறேன். பெருமையோடுதான் சொல்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் பதினொரு வருடம் ஒழுக்காற்றுப் பொறுப்பாசிரியையாக இருந்தேன். தமிழும் படிப்பித்தேன். ஆனால் பிள்ளைகள் என்னை அறிந்தது பதிவுக் கொப்பியால்தான். காலையில் வாசலில் மாணவத் தலைவிகள் நிற்பார்கள். பிந்தி வந்தவர், சப்பாத்து அழுக்கானவர், பின்னல் குலைந்தவர் எல்லாருடைய பெயரும் அந்தக் கொப்பியில் ஏறும். ஒரு தவணையில் நான்கு முறை பெயர் ஏறினால் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் நடந்து வரும் சத்தம் கேட்டால் வகுப்பு அடங்கும். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல், கறுப்பு ரிபன். இதைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கலாம், நான் சிரிக்க மாட்டேன். யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் எங்கள் பாடசாலை ஒரு தகரக் கொட்டில். ஒரு பிள்ளை செருப்போடு வரும், ஒரு பிள்ளை வெறுங்காலோடு வரும், ஒரு பிள்ளை யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு வரும். பிறகு சீருடைத் துணி கிடைத்து, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளையில், ஒரே பின்னலில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்ற முதல் நாளில் வேலிக்கு வெளியே நின்ற தாய்மார் அழுதார்கள். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஆர் இருக்கிறார், ஆர் இல்லை என்று அந்த வரிசையைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த வரிசையைக் காப்பதுதான் என் வேலை என்று நம்பினேன். இன்றும் அதில் பாதியை நம்புகிறேன்.

என் மகள் ஆரபி எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் எட்டாம் தரத்தில் படித்தபோது அதே வகுப்பில் சுலக்சனா என்றொரு பிள்ளை இருந்தாள். விசுவமடுவில் இருந்து பஸ்ஸில் வருவாள். மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். தகப்பன் இல்லை. தாய் கச்சான் கடலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போவார். மூன்றாம் தவணையில் ஒருநாள் அந்தப் பிள்ளை தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஏற்கெனவே அந்தத் தவணையில் நான்கு முறை அவளுடைய பெயர் கொப்பியில் ஏறியிருந்தது, பின்னல் ஒழுங்கில்லை என்று.

"ஏன் வெட்டினீர்?" என்று கேட்டேன்.

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்ட போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன்.

அவ்வளவுதான். மொத்தமாக ஒரு நிமிடம் செலவழித்திருப்பேன். தாய்க்கு வேலையை விட்டுவிட்டு வர முடியவில்லை. சுலக்சனா மூன்று கிழமை, மூன்று வாரம் முழுக்க, பள்ளிக்கூடம் வரவில்லை. பிறகு முடி கொஞ்சம் வளர்ந்து, இரண்டு பக்கமும் சின்னக் குடுமியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளை உள்ளே விட்டேன். விதி காப்பாற்றப்பட்டது என்று நினைத்தேன். அதற்கிடையில் மூன்று கிழமைக் கணிதப் பாடங்களும் தவணைப் பரீட்சையின் கணித வினாத்தாளும் அவளுக்குத் தவறிப் போயிருந்தன.

அடுத்த வருடம் முதலாம் தவணை. ஆரபி ஒன்பதாம் தரம். பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டியில், அவளுடைய இல்லம் வரிசையாக நடந்து போகும் அணிநடைக்கு அவளைத்தான் தலைவியாகத் தெரிவு செய்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்விட்டு வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அவள் குசினி வாசலில் கதிரையில் இருந்தாள். இடுப்பு வரை இருந்த முடி இல்லை. காதுக்குக் கீழே இரண்டு விரல் அளவோடு நின்றது. வெட்டிய முடியை ஒழுங்காகச் சுற்றி ஒரு பேப்பரில் வைத்திருந்தாள்.

மரக்கறிப் பையைக் கீழே வைத்தேன்.

"ஆரோடயும் கோவமோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா."

"ஆரும் ஏதும் சொன்னவையோ? பேன் பிடிச்சதோ? தலையிடியோ?"

"ஒண்டுமில்லை. எனக்குப் பிடிச்சிருந்தது. ரெண்டு வருசமா யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டால் ஓம் எண்டிருப்பியளோ?"

அவள் தொடர்ந்து, "அதாலதான் கேக்கேல்லை. ஆனா கேக்காமல் விட்டது பிழைதான். அது எனக்கும் தெரியும்" என்றாள்.

கணவர் வயலில் இருந்து வந்தார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு மகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "பின்பக்கம் ஒரு பக்கம் ஏறி நிக்குது, பிள்ளை. கத்தரிக்கோலைத் தா" என்றார். துவாயை அவள் தோளில் போட்டு, மெதுவாக நேராக்கி வெட்டிவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எல்லாப் பழியும் நாளைக்கு என் தலையில் விழப் போகிறது, இவர் சலூன் நடத்துகிறார்.

நான் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்யத்தான் நினைத்தார். "யோசிக்காதேங்கோ டீச்சர். அம்மன் கோயிலுக்கு முடி நேர்த்தி எண்டு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துவிடுங்கோ. நேர்த்தி எண்டால் ஒருத்தரும் வாய் திறக்காயினம்" என்றார்.

என் மனப்பாரம் இறங்கியது. உடனே மேசைக்கு முன்னால் இருந்து எழுதினேன். நான் தமிழ் டீச்சர். அந்தக் கடிதத்தைப் போல அழகான கடிதம் என் வாழ்க்கையில் எழுதியதில்லை. மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல், அப்போது வைத்த நேர்த்தி, இப்போது நிறைவேற்றியது. காய்ச்சல் மட்டும் உண்மை. கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, அவளுடைய புத்தகப் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஆரபி அந்த உறையை எடுத்து வந்து, நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மேசையில் வைத்தாள். வாசித்திருக்கிறாள்.

"இதில எழுதியிருக்கிறது நடக்கேல்லையம்மா."

"உனக்காகத்தான் எழுதினனான். இதைக் குடுத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை."

"சுலக்சனாவுக்கும் இப்பிடி ஒரு கடிதம் எழுதிக் குடுத்திருக்கலாம்தானே?"

நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

"அவவுக்கு மூண்டு கிழமை. எனக்குக் கடிதம். நான் இதைக் கொண்டு போனால் வகுப்பில அவவின்ர முகத்தைப் பாக்கேலாது" என்றாள். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இது எனக்காக இல்லை. உங்களுக்காகத்தான் எழுதினீங்கள்" என்றாள்.

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று கை சொன்னது. உறையை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "ஏறு" என்று மட்டும் சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் பாடசாலைக்குப் போவோம். வாய்க்கால் வீதியால் போகும்போது வழக்கமாக அவள் பின்னால் இருந்து ஓயாமல் கதைப்பாள். அன்று இருவரும் கதைக்கவில்லை. கடிதம் என் பையில் இருக்கிறது, அவள் கொடுக்காவிட்டால் நானே கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டபடிதான் ஓட்டினேன்.

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். மாணவத் தலைவி ஒருத்தி, பதினோராம் தரப் பிள்ளை, கொப்பியும் பேனையுமாக நின்றாள். ஆரபியின் தலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, பக்கமாக விலகி வழி விட்டாள்.

தம்பி தங்கைகளே, என் அத்தனை வருட வேலையும் அந்த ஒரு விலகலில் எனக்கு முன்னால் வந்து நின்றது. நான் அந்தப் பிள்ளைக்கு ஒழுக்கம் பழக்கியிருக்கிறேன் என்று நினைத்தேன். ஆருடைய பிள்ளைக்கு விலக வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் பழக்கியிருக்கிறேன். உள்ளே போவதற்குப் பத்து அடிதான் இருந்தது. பின்னால் மற்றப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யோசிக்க நேரம் இருக்கவில்லை.

"ஏன் பதியேல்லை?" என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

"டீச்சர்... உங்கட..."

"பதிஞ்சு கொள்ளும்."

அவள் கொப்பியைத் திறந்தாள். பெயர் தெரியாததுபோல எழுதாமல் நின்றாள். ஆரபி அவளுக்கு அருகில் போய், "ஆரபி. ஒன்பது ஏ. முடி" என்று சொன்னாள். அவள் எழுதி முடிக்கும்வரை நின்றாள். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலேயே அதிபர் அறைக்கு முன்னால் போய் நின்றாள். தோளை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வேறு பிள்ளைகளை எத்தனையோ தடவை அந்த இடத்தில் நிற்க வைத்தவள் நான். ஒரு பிள்ளை அங்கே தானாகப் போய் நின்றதை அன்றுதான் கண்டேன்.

உள்ளே அதிபரும் பிரதி அதிபரும் இருந்தார்கள். பிரதி அதிபர் என்னை விட மூத்த ஒரு பெண்மணி. அதிகம் கதைக்க மாட்டா. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த காலத்தில் இருந்து, நான் குழம்பும் இடங்களில் எல்லாம் எனக்குப் பதில் தராமல் இன்னொரு கேள்வியைத் தருவா.

"கடிதம் கொண்டு வந்தனீங்களோ டீச்சர்?" என்று அதிபர் கேட்டார்.

பையைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தேன். "இது நான் எழுதினது சேர். இதில உள்ளது உண்மையில்லை. இவ கொண்டுவர மாட்டன் எண்டிட்டா."

அதிபர் உறையைத் தொடவில்லை. ஆரபியைப் பார்த்தார். "அப்ப என்ன காரணம்?"

"பிடிச்சிருந்தது சேர்."

"வேற காரணம் ஏதாவது?"

"இல்லை சேர்."

அவர் மீண்டும் மீண்டும் அவளுக்கு வழி திறந்துவிட்டார். வெயில், வியர்வை, விளையாட்டு. அவள் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக இல்லை என்றாள். கடைசியில் பிரதி அதிபர் கேட்டா: "விதி தெரியுமோ உமக்கு?"

"தெரியும் மிஸ்."

"பிழை செய்தனீர் எண்டு நினைக்கிறீரோ?"

ஆரபி யோசித்தாள். "கேக்காமல் வெட்டினது பிழை மிஸ். அதுக்கு என்ன தண்டனை தந்தாலும் செய்வன். வெட்டினதுக்குக் கவலைப்படுறன் எண்டு சொன்னால் அது பொய்."

அதிபர் என் பக்கம் திரும்பினார். "ஒழுக்காற்றுக்கு நீங்கள்தானே பொறுப்பு. சொல்லுங்கோ."

அந்த அறையில் எனக்கு இரண்டு கதவுகள் தெரிந்தன. ஒன்று, சுலக்சனாவை அனுப்பியதுபோல இவளையும் வீட்டுக்கு அனுப்புவது. எல்லாரும் என்னை நேர்மையானவள் என்பார்கள். மற்றது, இந்த முறை விட்டுவிடுவோம் என்பது. முதலாவதைச் சொல்ல வாய் எடுத்துவிட்டேன். நான் என் மகளையே தண்டித்தேன் என்று பெயர் எடுப்பது எவ்வளவு இனிப்பானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதனால்தான் எனக்கு அதில் சந்தேகம் வந்தது.

"சேர், இவவை வீட்ட அனுப்பேலாது" என்றேன். "மகள் எண்டதால இல்லை. போன வருசம் சுலக்சனாவை அனுப்பினது பிழை. ஒரு பிழையைச் சரியாக்க அதையே இன்னொருக்காச் செய்யேலாது."

பிரதி அதிபர் என்னைப் பார்த்தா. "அப்ப நீர் முதல்ல ஆரோட கதைக்க வேணும்?" என்று கேட்டா.

அன்று பின்னேரம் ஆரபியையும் ஏற்றிக்கொண்டு விசுவமடுவுக்குப் போனேன். சுலக்சனாவின் தாய் அப்போதுதான் தோட்டத்தால் வந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனது. டீச்சர் வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்றுதானே அர்த்தம். கதிரையைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர். புள்ள என்னா செஞ்சா?" என்றார்.

"பிள்ளை ஒண்டும் செய்யேல்லை. நான்தான்" என்றேன். போன வருடம் காரணம் விசாரிக்காமல் வீட்டுக்கு அனுப்பியது பிழை என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் எடுத்தது. பிறகு, "அண்டைக்கு அவ ஏன் முடியை வெட்டினவ எண்டு இப்ப சொல்லுவியளோ?" என்று கேட்டேன்.

தாய் சுலக்சனாவைப் பார்த்தார். அவள் ஆரபிக்குப் பக்கத்தில் நின்றாள். தாய்தான் சொன்னார்.

"காலையில அஞ்சு மணிக்கே ஆள் ஏத்த லாண்ட்மாஸ்டர் ட்ராக்டர் வந்துரும் டீச்சர். நான் போயிருவேன். தலை பின்னிவிட ஆளில்ல. அவளே பின்னிக்குவா. பின்பக்கம் வகிடு கோணலாப் போயிரும், ஒரு பின்னல் மேல, ஒண்ணு கீழ. அவுத்து அவுத்துப் பின்னி பஸ்ஸையும் விட்டுருவா. நாலு தடவ பேரு எழுதிட்டாங்கன்னு அழுதா. வெட்டிட்டா பின்ன வேணாம், பேரும் எழுத மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் வெட்டிக்கிட்டா."

நான் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒரு பிள்ளை தன் விருப்பத்துக்கு வெட்டினாள். மற்றப் பிள்ளை என் விதிக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று வெட்டினாள். இரண்டு தலையும் வாசலில் நின்று பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் என்னோடு மோதவில்லை, எனக்குக் கீழ்ப்படியத்தான் பார்த்தாள். அதற்குத்தான் மூன்று கிழமை கொடுத்தேன்.

"பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று தாயிடம் சொன்னேன். பிறகு சுலக்சனாவிடமும் தனியாகச் சொன்னேன். நாங்கள் புறப்படும்போது அவள் ஆரபியின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "ஆர் வெட்டினது? நேரா இருக்கு" என்று கேட்டாள். "அப்பா" என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள்.

ஆரபிக்குத் தண்டனை இருந்தது. ஒழுக்காற்றுக் குழு கூடி, கேட்காமல் விதியை மீறியதற்காக அணிநடைத் தலைமையை எடுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் இருக்கவில்லை, நானே கேட்டு விலகி நின்றேன். செய்தியைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. அன்று பின்னேரம் நெடுநேரம் வாய்க்கால் கரையில் போய் இருந்தாள். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "பின் வரிசையில இடம் இருக்கோ எண்டு கேட்டனான். இருக்காம்" என்றாள்.

ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் போனாள். தலைவியாக இருக்க வேண்டியவள் கடைசி வரிசையில், கடைசி ஆளாக. மற்றவர்களின் கை எவ்வளவு உயருமோ அவ்வளவுதான் அவளுடைய கையும் உயரும். ஒருநாள் நான் கேட்டேன், "உனக்கு ஆரும் சொன்னபடி நடக்கிறது பிடிக்காதே. இதை மட்டும் ஏன் இப்பிடி விரும்பிச் செய்யிறாய்?"

"ஆர் சொன்னது பிடிக்காதெண்டு?" என்றாள். "நாப்பது பேர் ஒண்டாக் கால் வைக்கேக்க ஒரு சத்தம் வருமம்மா. தனிய நடந்தால் அது வராது. ஒராள் பிழைச்சாலும் வராது."

தன் விருப்பத்தில் பிடிவாதமாக நிற்கவும், நாற்பது பேரில் ஒருத்தியாகக் கால் வைக்கவும் ஒரே பிள்ளையால் முடியும் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஒன்றை வளர்க்க மற்றதை நசுக்க வேண்டும் என்று அவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

விதியை மாற்ற வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது என்று பிரதி அதிபரிடம் போய் விசாரித்தவளும் அவள்தான். மாணவர் பாராளுமன்றத்தில் வைத்து, பிறகு பெற்றார் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம் என்று அவ சொல்லியிருக்கிறா. ஆரபியும் சுலக்சனாவும் சேர்ந்து அரைப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். என்னிடம் எழுத்துப்பிழை பார்க்கக்கூடத் தரவில்லை.

பெற்றார் கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். நான் பின்னால் நின்றேன். பேசப் போவது ஆரபி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவளுக்கு வாய் அப்படி. அவள் ஒலிவாங்கியை எடுத்து, "இதைச் சுலக்சனாதான் சொல்ல வேணும். அவவுக்குத்தான் முதல் நடந்தது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாள்.

சுலக்சனா ஒலிவாங்கியை வாங்கினாள். கடதாசியை வாசிக்கத் தொடங்கினாள், பிறகு கடதாசியை மடித்துவிட்டாள்.

"ரெட்டைப் பின்னல் வடிவுதான். எனக்கும் விருப்பம்" என்றாள். "ஆனா பின்னிவிட ஆள் இல்லாத பிள்ளையளும் அந்த வரிசையில நிக்க வேணும்."

ஒலிவாங்கியை ஆரபியிடம் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு மேல் பேசத் தேவை இருக்கவில்லை. அந்த மண்டபத்தில் எத்தனை வீடுகளில் தலை பின்னிவிட ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தகப்பன் எழும்பினார். "இண்டைக்கு முடி எண்டால் நாளைக்கு வேற ஒண்டு கேப்பினம். எங்க நிப்பாட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி, நானே பல தடவை கேட்டதுதான். பிறகு ஆரபியைக் காட்டி, "உமக்குத்தான் பின்னிவிட அம்மா இருக்கிறாவே. நீர் ஏன் வெட்டினீர்?" என்றார்.

சிலர் சிரித்தார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு அது பிடிச்சிருந்தது ஐயா" என்றாள் ஆரபி. "ஆனா கேக்காமல் செய்தது பிழை. அதுக்குத் தண்டனை தந்தவை, செய்து முடிச்சிட்டன். இப்ப முறையாக் கேக்க வந்திருக்கிறம். இல்லை எண்டு நீங்கள் எல்லாரும் சொன்னால் வளத்துப் பின்னிக்கொண்டு வருவன்."

அந்தத் தகப்பன் தலையை ஆட்டினார். "அப்பிடியெண்டால் சரி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய கேள்விக்குப் பதில் அதுதான் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பிள்ளை எங்கே நிற்பாள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

அதிபர் கேட்டபோது நானும் பேசினேன். வாசலில் நடந்ததையும், நான் எழுதிய கடிதத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு கிளிநொச்சி முழுவதும் என் கடிதத்தைப் பற்றிக் கதைத்தார்கள். பரவாயில்லை. விதி இப்படி மாறியது: பின்னினால் இரட்டைப் பின்னல், கறுப்பு ரிபன். வெட்டினால் கொலருக்கு மேலே, முகத்தில் விழாமல் கறுப்புக் கிளிப். அதற்கு அடுத்த வரியைப் பிரதி அதிபர் சேர்த்தா: காரணம் விசாரிக்காமல் எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வரிசை குலையவில்லை. நான் எத்தனையோ காலைகளில் நின்று பார்த்திருக்கிறேன், இப்போதும் அது நேராகத்தான் நிற்கிறது.

சுலக்சனாவுக்கு நான் கெடுத்த கணிதத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு வருடம் எடுத்தது. கணித ஆசிரியர் பாடசாலை விட்ட பிறகு நின்று சொல்லிக் கொடுத்தார். பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தாள். இப்போது விவசாயம் படிக்கிறாள். ஆரபி பத்தாம் தரத்தில் முடியைத் திரும்ப வளர்த்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "இப்ப இது பிடிச்சிருக்கு" என்றாள். இரட்டைப் பின்னலோடு அணிநடைத் தலைவியாக முன்னால் போனாள். கணவர்தான் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது என்று கவலைப்பட்டார்.

அவள் பதினோராம் தரம் படிக்கும்போது உங்களைப்போலப் புதிதாக ஒரு தங்கச்சி எங்கள் பாடசாலைக்கு வந்தார். ஒருநாள் இடைவேளையில் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "டீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்கட மகள் நான் என்ன சொன்னாலும் ஏன் எண்டு கேக்கிறா. வரலாற்றுக் கொப்பிக்கு எல்லாரும் சிவப்பு மட்டையால உறை போட வேணும் எண்டனான். அதுக்கும் ஏன் எண்டு கேக்கிறா" என்றார்.

"காரணத்தைச் சொல்லிப் பாருங்கோ" என்றேன். "சொன்னால் செய்வா. நாளைக்கே போட்டுக்கொண்டு வருவா."

இரண்டு நாள் கழித்து அந்தத் தங்கச்சி ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"உறை போட்டுக்கொண்டு வந்திட்டாவோ?" என்று கேட்டேன்.

"இல்லை டீச்சர்" என்றார். முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு. "காரணத்தை யோசிச்சுப் பாத்தன். ஒண்டும் இல்லை. விருப்பமான உறை போடுங்கோ எண்டு வகுப்பு முழுக்கச் சொல்லிப்போட்டு வாறன்."